அக்கா வீட்டுப் புழக்கடையில் ஆறரை டன் தண்ணீர்

2024 மார்ச் கடைசியில் அக்கா போன் செய்தாள். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியப் போகிறது, இந்த வெயிலில் எங்கேயும் கூட்டிப் போக முடியாது, மாமா ஒரு நீச்சல் குளம் ஆர்டர் போட்டிருக்கிறார், மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளலாமா என்று உன்னிடம் கேட்கச் சொன்னார் என்றாள். நான் கோவையில் வீடு கட்டும் வேலைகளுக்கு மேற்பார்வை பார்ப்பவன். குளத்தின் அளவு என்ன என்று கேட்டேன். பன்னிரண்டு அடி விட்டம், முப்பது அங்குல உயரம். இரும்புக் குழாய்களை வட்டமாகக் கோத்து, அதில் கெட்டியான பிவிசி விரிப்பைத் தொங்கவிட்டு நீர் நிரப்பும் வகை. பள்ளம் தோண்ட வேண்டாம், சிமென்ட் வேண்டாம், தரைக்கு மேலேயே நிற்கும். குறித்த மட்டத்துக்கு நிரப்பினால் சுமார் 6,500 லிட்டர் பிடிக்கும்.

"மாடி வேண்டாம், பெட்டியைப் பிரிக்காதீங்க, நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்தேன். அந்தப் போனிலிருந்து மறு வருடம் அதே குளத்தை இரண்டாம் முறை நிறுத்தியது வரை நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதுகிறேன். கோடை வந்தால் எங்கள் பக்கம் இந்தக் குளங்களை வாங்காத தெரு இல்லை என்றாகிவிட்டது. பெட்டிக்குள் வரும் கையேடு ஓரளவுக்கு நல்ல கையேடுதான். ஆனால் அதில் நம் ஊர் மண் கிடையாது, நம் ஊர் போர்வெல் தண்ணீர் கிடையாது, மத்தியானம் மூன்று மணிக்குக் கண்ணயரும் நம் வீடும் கிடையாது.

மாடி ஏன் கூடாது

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 6,500 லிட்டர் என்றால் ஆறரை டன். அதற்குள் குதிக்கும் ஆட்களின் எடை தனி. பன்னிரண்டு அடி வட்டத்தின் பரப்பு பத்தரை சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 620 கிலோ உட்காருகிறது. ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் 875-இன் இரண்டாம் பகுதி சொல்லும் சுமை, சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 150 கிலோ. அந்தக் கணக்கில்தான் கம்பி கட்டியிருப்பார்கள். நாம் ஏற்றப் போவது அதைப் போல நான்கு மடங்கு.

மாமா விடவில்லை. "ஆயிரம் லிட்டர் டேங்க் மாடியில நிக்குதே, அது உடையலையே" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். டேங்க் எங்கே நிற்கிறது என்று போய்ப் பார்க்கச் சொன்னேன். படிக்கட்டு அறைக்கு மேலே, நான்கு பக்கமும் சுவர் தாங்கும் சின்ன இடத்தில் நின்றது. சுவர் மேலே, பீம் மேலே நிற்கும் எடை வேறு. பதினைந்து அடி ஹாலின் நடுவயிற்றில் உட்காரும் எடை வேறு. முதல் நாளே தளம் விழுந்துவிடாது. மெல்லத் தொய்யும், அடிப்பக்கம் மயிரிழையாய் வெடிப்பு விடும், மழைக்காலத்தில் அதன் வழியே நீர் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். "போன வருசம் வெச்சோம், ஒண்ணும் ஆகலை" என்று யாராவது சொன்னால், அந்த வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

சரி, புழக்கடை என்று முடிவானது. தென்னை வரிசைக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே இருபதுக்குப் பதினெட்டு அடி இடம். மேலே செம்மண், ஒரு முழம் தோண்டினால் கரிசல். பார்வைக்குச் சமதரை.

சித்திரை ஒன்று

அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். பிள்ளைகள் பொறுக்கவில்லை. அந்த வருடம் தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. சாமி கும்பிட்டு, சாப்பிட்டு, மாமாவும் இரண்டு பையன்களுமாகக் குளத்தை நிறுத்திவிட்டார்கள். சாக்கடைப் பக்கம் கொஞ்சம் தாழ்வாக இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டு முன்னால் மீதமிருந்த கிராவல் மண்ணை நாலைந்து பாண்டு அள்ளிப் போட்டு, காலால் மிதித்து, மேலே தார்ப்பாய் விரித்தார்கள். நாலு மணிக்குப் போர் மோட்டார் ஓட ஆரம்பித்தது. ராத்திரி ஒன்பது மணிக்குப் பாதிக் குளம் நிறைந்ததும் நிறுத்திவிட்டுப் படுத்தார்கள்.

காலையில் அக்கா அனுப்பிய படத்தைப் பார்த்ததும் வண்டியை எடுத்தேன். தண்ணீர் எப்போதும் மட்டமாகத்தான் நிற்கும், அதனால் குளம்தான் சாய்ந்திருக்கிறது என்று விரிப்பின் கோடே காட்டிக் கொடுத்தது. மேல் குழாயிலிருந்து தண்ணீர் வரை டேப் வைத்து அளந்தேன். சுவர்ப் பக்கத்துக்கும் சாக்கடைப் பக்கத்துக்கும் மூன்று அங்குலம் வித்தியாசம். மண் போட்ட பக்கத்தில் இரண்டு கால்கள் புதைந்து, வெளிப்பக்கமாக வில்லாக வளைய ஆரம்பித்திருந்தன. காலைச் சுற்றி மண் ஈரமாகப் பிதுங்கி நின்றது.

மூன்று அங்குலம்தானே என்று தோன்றும். தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும் விசை ஆழத்தோடு நேராகக் கூடுவதில்லை, ஆழத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. இந்தக் குளத்தை முழுக்க நிரப்பியிருந்தால் ஒரு பக்கம் இருபத்திரண்டரை அங்குலமும் எதிர்ப்பக்கம் இருபத்தைந்தரை அங்குலமும் நீர் நின்றிருக்கும். தாழ்ந்த பக்கச் சுவர் தாங்கும் விசை, உயர்ந்த பக்கத்தைவிடக் கால் பங்குக்கும் மேல் அதிகம். அந்தப் பக்கம் கால் இன்னும் புதையும், புதையப் புதைய நீர் அங்கே சேரும், நீர் சேரச் சேர இன்னும் புதையும். கடைசியில் ஒரு குழாய் மூட்டு கழன்றால் ஆறரை டன் நீரும் ஒரே பக்கமாக விழும். அந்தப் பக்கம் யார் நிற்கிறார்களோ அவர்கள் மேல்.

"மாமா, தண்ணியைத் தொறந்து விட்டுடலாமுங்க" என்றேன். பெரியவன் அழுதுவிட்டான். அவனுக்கு அன்று பிறந்தநாள் போல இருந்திருக்கிறது. ஹோஸ் பைப் வைத்து ஏழு தென்னைகளின் பாத்திக்கும் மாற்றி மாற்றி விட்டோம். ஒரு சொட்டு வீணாகவில்லை.

மட்டம் பிடித்தது

ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. ஓட்டுப் போட்டுவிட்டு விரல் மையோடு மண்வெட்டி எடுத்தோம். முதலில் பழைய தார்ப்பாயைச் சுருட்டினேன். நடுவில் ஓரிடத்தில் அது தரையோடு தைத்தது போல இழுத்தது. குனிந்து பார்த்தால், கோரைப்புல்லின் முளை. வெளிறிய மஞ்சளில், சாக்கு ஊசி நுனி போல விறைப்பாக, நீலத் தார்ப்பாயைக் குத்திக்கொண்டு அரை விரல் நீளம் மேலே வந்திருந்தது. ஐந்தே நாள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் குளத்தின் விரிப்பையே துளைத்திருக்கும். மற்றப் புல்லெல்லாம் வெளிச்சமும் காற்றும் இல்லாமல் செத்துவிடும். கோரை அப்படியில்லை. அடியில் கிழங்கு இருக்கும் வரை அது குத்திக்கொண்டே இருக்கும். கையேட்டில் 'புல்லை அகற்றவும்' என்று ஒரு வரி போட்டிருந்தது. கோரையை மேலே செதுக்கினால் அகற்றியதாகாது, இன்னும் நாலாகக் கிளைக்கும்.

ஓர் அடி ஆழம் கொத்தி, கையால் மண்ணைப் புரட்டிக் கிழங்குகளைப் பொறுக்கினோம். ஒரு படி தேறியது. அக்காவின் மாமியார் அதை வாங்கிக் கழுவி முறத்தில் காயவைத்துக்கொண்டார், குளியல் பொடிக்கு ஆகும் என்று.

அப்புறம் மட்டம். நடுவில் ஒரு முளைக்குச்சி அடித்து, ஆறரை அடி நூல் கட்டி வட்டம் போட்டோம். குளம் பன்னிரண்டு அடி என்றால் தரை பதின்மூன்று அடியாவது வேண்டும், கால்கள் கொஞ்சம் விரிந்து நிற்கும். வட்டத்தைச் சுற்றி எட்டு முளைகள். கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலில், அதாவது உள்ளே நீர் தெரியும் நீளக் குழாயில், தண்ணீர் நிரப்பி ஒவ்வொரு முளைக்கும் மட்டம் குறித்தேன். ரசமட்டம் நாலடிப் பலகைக்குச் சரி. பதின்மூன்று அடிக்கு அதை நகர்த்தி நகர்த்தி வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு நூல் பிழை சேரும். டியூப்பில் இருப்பது தண்ணீர், குளத்தில் நிற்கப் போவதும் தண்ணீர். அளந்தபோது சாக்கடைப் பக்கம் நாலங்குலம் பள்ளம் என்று தெரிந்தது. கண்ணுக்குச் சமதரை என்று நானும்தான் நினைத்திருந்தேன்.

இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள், அதனால் நிறுத்திச் சொல்கிறேன். பள்ளத்தை நிரப்பக் கூடாது. மேட்டை வெட்டிப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்க வேண்டும். காலங்காலமாகப் படிந்து கிடக்கும் மண் ஆறரை டன்னைத் தாங்கும். நேற்று அள்ளிப் போட்ட மண், எவ்வளவு மிதித்தாலும், நீர் ஏறியதும் அமுங்கும். வேலை மூன்று மடங்கு என்பது உண்மை. நாலங்குல மேட்டைச் சரிவாக வெட்டி இறக்க இரண்டு பேருக்கு ஒன்றரை நாள் ஆனது. வெட்டிய மண் தென்னைக்குப் போனது. பிறகு தரையை நனைத்து, திமுசுக் கட்டையால் இடித்து, ஒரு ராத்திரி அப்படியே விட்டோம். ஞாயிறு காலையில் திரும்பவும் டியூப் பிடித்து, இரண்டு இடத்தில் மறுபடியும் சுரண்டினோம்.

ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஓர் அடிச் சதுரக் கடப்பாக் கல், தரை மட்டத்தோடு மட்டமாகப் பதித்தேன். பத்துக் கால், பத்துக் கல். கல்லைத் தரைக்கு மேலே வைத்தால் குளத்தின் உயரம் மாறும், விரிப்பு இழுபடும். மேலே ஓரங்குலம் எம் சாண்ட் சலித்துப் பரப்பி மட்டப்பலகையால் இழுத்தோம். அதன் மேல் பழைய ஃபிளெக்ஸ் பேனர் இரண்டு மடிப்பு, அதற்கு மேல் பார்சலில் வரும் ஃபோம் ஷீட், அப்புறம்தான் குளம். குளத்தின் விலையில் ஏறக்குறையக் கால் பங்கு தரைக்கே செலவானது. கூசாமல் செய்ய வேண்டிய செலவு.

நிரப்பும்போது அவசரப்படவில்லை. முதலில் ஓரங்குலம் விட்டு, பையன்களை வெறுங்காலோடு உள்ளே இறக்கி, நடுவிலிருந்து விளிம்புக்கு விரிப்பின் சுருக்கத்தைத் தள்ளச் சொன்னோம். அவர்களுக்கு அதுவே நீச்சல் குளமாகிவிட்டது. அரையடியில் நிறுத்தி அளந்தேன், பாதியில் நிறுத்தி அளந்தேன், முழுதும் நிரம்பியபின் அளந்தேன். நான்கு திசையிலும் எடுத்த அளவில் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. இந்தக் குளம் ஓர் ஆளின் 48 நாள் தண்ணீர். குடிநீராக வரும் சிறுவாணித் தண்ணீரை இதற்குத் தொடவே கூடாது என்று நான் உறுதியாகச் சொல்லிவிட்டேன். சொந்தப் போரில் உப்புத் தண்ணீர் இருந்ததால்தான் சம்மதித்தேன். லாரித் தண்ணீர் வாங்கித்தான் நிரப்ப வேண்டுமென்றால், வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

தேநீர் நிறத்தில் ஒரு குளம்

நிரப்பிய தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அடியில் விரிப்பின் பூப்போட்ட கோடுகள் தெரிந்தன. மாமா பிளீச்சிங் பவுடரைக் கலக்கி ஊற்றினார். ஒரு மணி நேரத்தில் குளம் முழுக்கப் பால் ஊற்றாத தேநீர் நிறத்துக்கு மாறியது. போர் தண்ணீரில் இரும்பு கரைந்திருக்கும். கரைந்திருக்கும் வரை நிறம் தெரியாது. குளோரின் பட்டதும் அது துருவாக மாறித் தனியே பிரிந்து மிதக்கும். அந்த வீட்டில் குளியலறைத் தரை எப்போதும் காவி படிந்திருப்பதை நான் பல வருடமாகப் பார்க்கிறேன். அதிலிருந்தே எனக்கு முன்கூட்டித் தோன்றியிருக்க வேண்டும்.

இதற்கு நம் கிராமத்து வழியே போதும். இருநூறு கிராம் படிகாரத்தை ஒரு வாளியில் கரைத்து, குளம் முழுக்கத் தெளித்து, பத்து நிமிடம் துடுப்புக் கட்டை போல ஒரு பலகையால் கலக்கினோம். பம்பை நிறுத்திவிட்டு ராத்திரி முழுக்க யாரும் தொடாமல் விட்டோம். விடிந்து பார்த்தால் மேலே தெளிந்த நீர். அடியில் நகக்கண் கனத்துக்குச் செங்காவிப் படிவு, மெத்தென்று. ஹோஸ் பைப்பின் ஒரு முனையை மூங்கில் குச்சியில் கட்டி, வாயால் உறிஞ்சாமல் பைப்பில் முன்பே நீர் நிரப்பி, அடியை மெல்லத் தடவித் தடவி உறிஞ்சி வெளியே விட்டோம். வேகமாக நகர்த்தினால் படிவு கலைந்து மேலே வந்துவிடும், மறுபடி ஒரு ராத்திரி காத்திருக்க வேண்டும். நானூறு லிட்டர் போல அதில் போனது.

பக்கத்து வீட்டில் பேரூராட்சி டேங்க் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருக்கிறார். தெருக்குழாயில் குளோரின் பார்க்க அவர்கள் வைத்திருக்கும் குளோரோஸ்கோப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று அவர்தான் காட்டிக் கொடுத்தார். சின்னக் கண்ணாடிக் குழாயில் நீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சளாகும். மஞ்சளின் அடர்த்தியை அட்டையோடு ஒப்பிட வேண்டும். குடிநீரில் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருந்தால் போதும். குளத்துக்கு 1 முதல் 3 வரை வேண்டும், ஏனென்றால் குடிநீரில் யாரும் இறங்கிக் குளிப்பதில்லை. அந்த மஞ்சள் சொட்டு மொத்தக் குளோரினைக் காட்டும். கிருமியைக் கொல்லத் தயாராக மிச்சமிருக்கும் குளோரினைத் தனியே காட்ட, இளஞ்சிவப்பாகும் டிபிடி மாத்திரைதான் சரி. அதையே வாங்கினோம். கூடவே பிஎச், அதாவது நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், பார்க்கும் சொட்டு. அது 7.2-க்கும் 7.8-க்கும் நடுவே இருக்க வேண்டும். எங்கள் போர் தண்ணீர் 8-ஐத் தொட்டது. பிஎச் ஏற ஏறக் குளோரின் இருந்தும் வேலை செய்யாது.

பிளீச்சிங் பவுடரை முதல் வாரத்தோடு விட்டோம். அதன் சுண்ணாம்பு கரையாமல் அடியில் வெள்ளையாகப் படிகிறது, ஏற்கெனவே கடினமான நீரை இன்னும் கடினமாக்குகிறது. அதுதான் கிடைக்கும் என்றால், வாளியில் கரைத்துத் தெளியவைத்து மேல் நீரை மட்டும் ஊற்ற வேண்டும். நாங்கள் பத்து சதவீதச் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்துக்கு மாறினோம். 6,500 லிட்டருக்கு 200 மில்லி ஊற்றினால் லிட்டருக்கு மூன்று மில்லிகிராம் ஏறும். எப்போதும் சூரியன் இறங்கிய பிறகு. நம் ஊர் வெயிலில் காலையில் ஊற்றும் குளோரின் மத்தியானத்துக்குள் பெரும்பாலும் காணாமல் போகிறது. அதைத் தடுக்கத்தான் சையனூரிக் அமிலம் சேர்ந்த குளோரின் மாத்திரைகள் விற்கிறார்கள். அவை வசதியானவை. ஆனால் மாத்திரை போடப் போட அந்த அமிலம் நீரில் சேர்ந்துகொண்டே போகும், ஒரு கட்டத்துக்கு மேல் குளோரினையே கட்டிப் போட்டுவிடும். சின்னக் குளத்துக்கு, தினமும் அளந்து பார்க்கத் தயாராக இருப்பவர்களுக்கு, திரவமே நல்லது என்பது என் முடிவு.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன். பிஎச் இறக்க வைத்திருக்கும் ஆசிட்டும் குளோரினும் ஒரே வாளியில், ஒரே குவளையில் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக் குழலை எரிக்கும். பிளீச்சிங் பவுடரும் அந்தக் குளோரின் மாத்திரையும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டுக்கும் தனித்தனிக் குவளை, நிறம் வேறு, வைக்கும் இடமும் வேறு. எதைப் போட்டாலும் தண்ணீரில்தான் மருந்து, மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

குளத்தில் மருந்து வாசம் தூக்கலாக இருந்தால் குளோரின் அதிகம் என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து கெட்டுப்போன குளோரினின் வாசம். அப்போது இன்னும் கொஞ்சம் ஊற்றத்தான் வேண்டும். இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வரும் வழக்கத்தை அக்கா கறாராக வைத்தாள். மருந்துச் செலவு கண்ணுக்குத் தெரிந்து குறைந்தது.

கூடவே வந்த பம்ப் மணிக்கு இரண்டாயிரம் லிட்டர் சுற்றும் என்று போட்டிருந்தது. வடிகட்டி அடைக்க அடைக்க அந்த வேகம் குறையும் என்பதால் தினம் ஐந்து மணி நேரம் ஓட்டினோம். வயரிங் பார்க்க வந்தவர் தென்னை மரத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கட்டித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச், முறையான எர்த், குளத்தின் விளிம்பிலிருந்து மூன்றரை மீட்டருக்கு அப்பால் பிளக். ஈரக் காலோடு பிள்ளைகள் ஓடும் இடத்தில் இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

மத்தியானம் மூன்று மணி

மே மாதம் இரண்டாம் வாரம் மாமாவின் தங்கை தன் இரண்டரை வயது மகளோடு வந்திருந்தார். குளத்தின் ஏணியை, யாரும் குளிக்காத நேரத்தில் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடும் பழக்கம் அதற்குள் வந்திருந்தது. அந்த ஒன்றை நம்பித்தான் இருந்தோம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கண்ணயர்ந்துவிட்டோம். அக்காவின் மாமியாரான அத்தை மட்டும் மாடியில் வடகம் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

கைப்பிடிச் சுவர் ஓரம் வந்து எட்டிப் பார்த்தவர், கீழே பம்ப் பெட்டியின் மேல் பிள்ளை நிற்பதைப் பார்த்தார். இரண்டு கையாலும் மேல் குழாயைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மடக்கிக் குழாயின் மேல் போட்டுக்கொண்டிருந்தது. நேற்று விட்டுப்போன சிவப்புப் பந்து தண்ணீரில் மிதந்தது. "சாமி, நில்லு!" என்று அத்தை போட்ட சத்தத்தில் மூன்று வீட்டுக் கதவு திறந்தது. அக்காதான் முதலில் ஓடினாள். பிள்ளை நனையக்கூட இல்லை. அதன் முழங்காலில் ஒட்டியிருந்த எம் சாண்ட் மணலை அக்கா திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருந்தாள், ஒரு மணலும் மிச்சமில்லாதபோதும்.

பம்ப் பெட்டியின் உயரம் ஓர் அடி. குளத்தின் சுவர் இரண்டரை அடி. பெட்டி மேல் நிற்கும் பிள்ளைக்கு மிச்சம் ஒன்றரை அடி, கட்டில் ஏறுவதுபோல. நீர் இரண்டடி. அந்த வயதுக் குழந்தை தலைகுப்புற விழுந்தால் இரண்டடி நீரில் எழுந்து நிற்கத் தெரியாது, கத்தவும் முடியாது. நீரில் மூழ்குவது சத்தமில்லாமல் நடக்கும், பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த விபரீதம் இல்லை. இந்த வகைக் குளங்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் அமெரிக்காவில், 2001 முதல் 2009 வரை கழற்றி மாட்டும் குளங்களில் 209 பிள்ளைகள் இறந்ததை ஓர் ஆய்வு தொகுத்தது. பாதிக்கப்பட்டவர்களில் 94 சதவீதம் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். 2025 ஜூலையில் அங்கே பெஸ்ட்வே, இன்டெக்ஸ், பாலிகுரூப் நிறுவனங்களின் ஏறக்குறைய ஐம்பது லட்சம் குளங்களுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. நாலடியும் அதற்கு மேலும் உயரமான குளங்கள். கால்களைச் சுற்றி வெளிப்பக்கமாக ஓடும் இறுக்குப் பட்டையில் கால் வைத்துக் குழந்தைகள் ஏறிவிடுகிறார்கள் என்பதுதான் காரணம். 2007 முதல் 2022 வரை அப்படி ஒன்பது குழந்தைகள் இறந்திருக்கிறார்கள், எல்லோரும் இருபத்திரண்டு மாதத்திலிருந்து மூன்று வயது வரை. ஏணி கழற்றியிருந்தாலும் பட்டையே படியாகிவிடுகிறது. எங்கள் குளத்தில் அந்தப் பட்டை இல்லை, பம்ப் பெட்டி இருந்தது. கவிழ்த்த வாளி, பிளாஸ்டிக் நாற்காலி, மண்ணைக் குவித்து வைத்த மேடு, எல்லாமே ஏணிதான்.

அன்று சாயங்காலமே குளத்தைப் பாதியாக வடித்தோம். இரண்டு நாளில் சுற்றிலும் நாலடிக் கம்பி வலை, நுழைய ஒரே கதவு. தள்ளிவிட்டால் தானே சாத்திக்கொள்ள ஸ்பிரிங், கொண்டி சின்னப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில். பம்பை வலைக்கு வெளியே மாற்றி, நீளமான ஹோஸ் போட்டோம். குளித்து முடித்ததும் ஒரு பொம்மைகூட நீரில் இருக்கக் கூடாது என்பது சட்டமானது. குளத்துக்கு மேலே போடும் உறையைக் காவலாக நினைக்கக் கூடாது. இலை விழாமல் தடுக்க மட்டும்தான் அது. குழந்தை அதன் மேல் ஏறினால் உறை உள்வாங்கி, பிள்ளையை மேலே வரவிடாமல் மூடிவிடும். ஒரு பெரியவர், போன் கையில் இல்லாமல், கரையில் உட்கார்ந்தால்தான் பிள்ளைகள் இறங்கலாம். இந்தக் கடைசி விதியை மீறிய நாளில் எல்லாம் அக்கா தயங்காமல் பிள்ளைகளை வெளியே ஏற்றிவிட்டாள்.

வலைக்கான யோசனை முதல் நாளே எனக்கு வந்திருக்க வேண்டும். தரைக்கு மூன்று நாள் உழைத்தவன், வேலியைப் பற்றி ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. இனி யார் கேட்டாலும் குளம் வாங்கும் காசில் வேலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அந்த மே மாதத்தில்தான் கேரளத்திலிருந்து மூளையைத் தின்னும் அமீபா செய்தி வந்தது. ஜூலைக்குள் அங்கே மூன்று சிறுவர் சிறுமியர் இறந்தார்கள். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா ஃபௌலேரி மூக்கின் வழியாக ஏறி மூளைக்குப் போகிறது. குடித்தால் வராது, மூக்கில் ஏறினால்தான் வரும். அக்கா பயந்து குளத்தையே எடுத்துவிடலாம் என்றாள். குளோரின் சரியாக இருந்தால் அந்த அமீபா பிழைக்காது என்று சொல்லி, அன்றாடம் அளந்ததை எழுதும் நோட்டு ஒன்று போட்டோம். தேதி, குளோரின், பிஎச், ஊற்றிய அளவு. குளோரின் ஒன்றுக்குக் கீழே இருந்தால் அன்று யாரும் இறங்குவதில்லை. நோட்டை எழுதும் வேலையைச் சின்னவன் கேட்டு வாங்கிக்கொண்டான், ஒரு நாள்கூட விடவில்லை.

பிரித்து வைத்தது, மறுபடி நிறுத்தியது

ஜூன் 10-இல் பள்ளி திறந்தது. பயன்படுத்தாமல் நிறுத்தி வைத்தால் கொசு முட்டையிடும், எட்டுப் பத்து நாளில் புழு கொசுவாகிப் பறக்கும். ஆகவே அந்த வாரமே வடிக்க முடிவு செய்தோம். உறை போடாமல் நாலு நாள் வெயில் காட்டி, டிபிடி மாத்திரை நிறமே காட்டாத பிறகு, வடிகால் வாயில் ஹோஸ் மாட்டித் தென்னைக்கு விட்டோம். கோடை முழுக்க வாரம் இரண்டங்குலம் ஆவியாகவும் சிதறியும் போயிருந்தது. வாரத்துக்கு ஐந்நூறு லிட்டர் மேல்நீர் விட்டிருக்கிறோம். அதையும் ஆரம்பக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விரிப்பைத் தென்னைகளுக்கு நடுவே கயிறு கட்டித் தொங்கவிட்டு, மடிப்புக்குள் துண்டால் துடைத்து, நிழலில் மூன்று நாள் காயவைத்தோம். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும். மடிப்புக்கு மடிப்பு டால்கம் பவுடர் தூவினோம். அட்டைப் பெட்டியில் வைக்காமல் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் வைத்தேன். பிவிசி என்றால் எலிக்கு அவ்வளவு விருப்பம், ஒரு கடி போதும்.

2025 ஏப்ரலில் மறுபடி நிறுத்தியபோது நான் முன்பே போய்விட்டேன். வருடம் முழுக்க அந்த வட்டத்தில் ஒன்றும் வைக்கவில்லை. வடகிழக்கு மழையில் எம் சாண்ட் ஒரு பக்கம் அரித்திருந்தது. நாலைந்து கோரை முளை எட்டிப் பார்த்தது, கிழங்கோடு எடுத்தோம். கடப்பாக் கற்களில் ஒன்று மட்டும் ஒரு நூல் இறங்கியிருந்தது. இரும்பு இந்த முறை ஏமாற்றவில்லை. பாதி நிரம்பும்போதே குளோரினும் படிகாரமும் விட்டு, படிந்ததை உறிஞ்சி எடுத்துவிட்டு மீதியை நிரப்பினோம். எல்லாம் சேர்த்து ஒரே நாள் வேலை.

நிரம்பியதும் பெரியவன் டேப்பை எடுத்துக்கொண்டு சுற்றி வந்தான். நான்கு இடத்தில் அளந்து, சின்னவனின் நோட்டில் முதல் வரியாக எழுதினான்: வித்தியாசம் எட்டு மில்லிமீட்டர். அதற்குள் மாமா வலைக் கதவின் கொண்டியைப் போட்டு, இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.